அந்த ஒற்றை வைக்கோல் யாருடையது?

பட்டணத்து உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் நிலம் வாங்க வேண்டும். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் பயிர் செய்ய வேண்டும். நல்ல காற்றும் நல்ல சோறுமாக வாழ வேண்டும். படித்த இளைஞர் பலருக்கு இப்படி ஓர் ஆசை இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களுக்கும் இருக்கலாம்.

இந்த ஆசை உள்ளவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு புத்தகம் இருக்கக் காணலாம். ஜப்பானியரான மசானபு ஃபுகோகா எழுதி 1975-ல் வெளியான நூல் அது. 1978-ல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் பரவியது. தமிழில் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்ற பெயரில் கிடைக்கிறது. சிறிய நூல், எளிய நடை. படித்து முடித்ததும் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று தோன்றும். நூலின் பெருமை அதில்தான் இருக்கிறது. அதை நிதானமாகப் படிக்க வேண்டியதற்குக் காரணமும் அதுவே. ஏனெனில் வேலையை விடுவதும், நகையை விற்று நிலம் வாங்குவதும், ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வைப் பணயம் வைப்பதும் விளையாட்டான காரியங்கள் அல்ல.

ஆகவே இந்நூலை இங்கே ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம். அதில் கூறப்படும் உழவு முறை எவ்வாறு இயங்குகிறது என்று முதலில் காண்போம். பிறகு அதே முறையைத் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பிரம்மதேசத்தில் ஒரு கழனிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆசிரியரும் அவருடைய வயலும்

ஃபுகோகா 1913-ல் ஜப்பானின் ஷிகோகு தீவில், நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தார். விவசாயக் கல்லூரியில் பயின்று, தாவர நோய் ஆராய்ச்சியாளராக யோகஹாமா சுங்கத்துறையின் பயிர்ச் சோதனைப் பிரிவில் பணியாற்றினார். கடுமையான நோயில் விழுந்து எழுந்தபின், மனிதன் தன் அறிவால் செய்யும் முயற்சிகள் யாவும் வீண் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 25 வயதில் வேலையை விட்டுத் தந்தையின் பண்ணைக்குத் திரும்பினார்.

அவருடைய முறையை நான்கு விலக்குகளாகச் சுருக்கலாம். உழக்கூடாது, இரசாயன உரமோ தயாரித்த மட்கு எருவோ இடக்கூடாது, உழுதும் மருந்து தெளித்தும் களையை ஒழிக்கக் கூடாது, இரசாயனப் பொருள்களை நம்பியிருக்கக் கூடாது. நடைமுறை இதுதான்: நெல் கதிர் முற்றி நிற்கும்போதே அதனூடே வெள்ளைக் குளோவர் என்ற பயறினச் செடியின் விதையையும், குளிர்காலத் தானியமான பார்லியையும் தூவிவிடுவார். நெல்லை அறுத்ததும் அடுத்த பருவத்துக்கான நெல் விதையைக் களிமண் உருண்டைகளுக்குள் வைத்து வீசுவார். நெல்லைப் போரடித்து எடுத்தபின், வைக்கோல் முழுவதையும் அந்த வயலிலேயே பரப்புவார். அது விரைந்து மட்கக் கொஞ்சம் கோழி எரு தூவுவார். பார்லி அறுத்தால் அதன் தாளும் வயலுக்கே போகும். ஜூன் மாத மழையில் சில நாட்கள் மட்டும் நீர் தேக்கிக் களையையும் குளோவரையும் தளர்வடையச் செய்வார். அப்போது நெல் மேலெழும்.

இவ்வாறு அவர் எடுத்த நெல், நூலில் உள்ள கணக்கின்படி, ஏக்கருக்கு ஏறத்தாழ 2 டன் முதல் 2.3 டன் வரை. நம்மூர் 75 கிலோ மூட்டைக் கணக்கில் சுமார் 27 முதல் 31 மூட்டை. உழாமல், உரமிடாமல் இவ்வளவு என்பது எவரையும் வியப்பில் ஆழ்த்தும்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. வெயிலும் மழையும் நேரடியாகத் தாக்காதவாறு வைக்கோல் மண்ணை மூடுகிறது, ஈரத்தைக் காக்கிறது, களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது. குளோவரின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. வயலில் விளைந்ததில் தானியம் மட்டுமே வெளியேறுகிறது. மற்றவை மண்ணுக்கே திரும்புகின்றன. விஞ்ஞானத்தை நூல் முழுவதும் ஏசுகின்ற ஆசிரியரின் வயல், மண்ணியல் பாடப்புத்தகத்துக்கு நல்ல விளக்கப்படமாக அமைந்திருக்கிறது!

வைக்கோல் கணக்கு

இனி பிரம்மதேசத்துக்கு வருவோம். ஒரு ஏக்கர் நெல் அறுவடையில் கிடைக்கும் வைக்கோல், நெல்லின் எடையளவோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். சுமார் 2,500 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதில் தழைச்சத்து 15 கிலோ அளவிலும், சாம்பல்சத்து 40 கிலோ அளவிலும் இருக்கும். நெற்பயிர் உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி தங்குவது நெல்மணியில் அன்று, வைக்கோலில்தான். ஆகவே வைக்கோலை வயலிலேயே போட வேண்டும் என்று ஃபுகோகா கூறுவது முற்றிலும் சரி.

ஆனால் நம்மூர் வைக்கோலுக்கு ஏற்கனவே ஒரு சொந்தக்காரர் உண்டு. அது மாடு. கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்றால் ஆண்டுக்கு 2,190 கிலோ. அதாவது ஓர் ஏக்கர் வைக்கோல் என்பது ஏறத்தாழ ஒரு மாட்டின் ஓராண்டுத் தீனி. மிஞ்சுவதை இயந்திரத்தால் உருளையாகக் கட்டி லாரியில் வெளியூருக்கு ஏற்றுகிறார்கள். ஃபுகோகாவின் நெல் வயல் ஒன்றேகால் ஏக்கர். அந்த வைக்கோலை நம்பி அங்கே எந்த மாடும் காத்திருக்கவில்லை. நூலின் தலைப்பிலேயே உள்ள பொருள், அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. நமக்கு அப்படிக் கிடைப்பதில்லை.

மாட்டுக்குப் போன வைக்கோல் அழிந்துபோவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அது பாலாகவும் சாணமாகவும் மாறி, குப்பைக்குழி வழியாக மீண்டும் கொல்லைக்கு வருகிறது. சுற்றுவழிதான், ஆனால் வழியில் ஒரு குடும்பத்துக்குப் பால் காசு தருகிறது. இந்தச் சுற்றில் ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு. மாடு உண்ட சாம்பல்சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில் வெளியேறுகிறது. மண் தரைத் தொழுவத்தில் அது ஊறி வீணாகிறது. தொழுவத்தில் இலைச்சருகும் கூளமும் பரப்பி, அதை நனைந்தபின் எருக்குழியில் சேர்த்தால் அந்த ஓட்டை பெரும்பாலும் அடைபடும். ஃபுகோகாவின் நோக்கத்தை நம்மூர் நிலைமையில் நிறைவேற்றுவதற்கு வயலைவிடத் தொழுவமே நல்ல தொடக்கமாக இருக்கக்கூடும்.

மற்றொரு செய்தி: பச்சை வைக்கோலில் கரிமம் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் இளம்பயிர் சில வாரங்கள் வெளுத்து நிற்கும். ஃபுகோகா கோழி எருவைத் தூவியதன் உட்பொருள் இதுதான். அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் வைக்கோலை மட்டும் பரப்பியவர், மஞ்சளித்த பயிரைக் கண்டு மனம் உடைவார்.

வெயிலும் மழையும் வேறு

ஷிகோகுவில் ஃபுகோகா வாழ்ந்த பகுதியில் ஆண்டின் சராசரி வெப்பம் 16 டிகிரி செல்சியஸ் அளவு. திண்டிவனம் பக்கத்தில் 28 டிகிரி அளவு. ஈரம் இருக்கும்வரை, வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மட்கும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவிதி. எனவே அங்கே பல மாதங்கள் மண்ணைப் போர்த்தி நிற்கும் வைக்கோல் இங்கே பாதிக் காலத்தில் கரைந்துவிடும். செம்மண் கொல்லையில் கறையானும் தன் பங்கைக் கேட்கும். தமிழ்நாட்டு மண்ணில் கரிமச்சத்து பல இடங்களில் அரை சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதற்கு இந்த வெப்பமும் ஒரு காரணம். வெள்ளைக் குளோவரோ குளிர்நாட்டுச் செடி. நம் சமவெளி வெயிலில் தாக்குப்பிடிக்காது. போதாக்குறைக்கு, இங்கே கோரை உண்டு. மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும் அக்களை வைக்கோல் மூடாக்கைக் குத்திக்கொண்டு மேலே வரும்.

மழையைப் பாருங்கள். அங்கே ஆண்டு முழுவதும் எல்லா மாதங்களிலும் கொஞ்சமேனும் பெய்கிறது. இங்கே பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு முழுமைக்கும் பெய்யும் மழையில் பாதிக்கு நெருங்கிய அளவு அது! அத்தகைய நாளில் பரப்பிய வைக்கோல் வயலில் தங்காது. வரப்போடு மிதந்து ஏரிக்குப் போகும். இந்த வட்டாரத்தில் முதல் வேலை வரப்பும் வாய்க்காலும் ஏரிக்கரையும்தான் என்பது இங்குள்ள முதியவர் எவருக்கும் தெரியும். நூலில் அதற்கு இடமில்லை. ஆசிரியரின் ஊரில் அதற்குத் தேவை எழவில்லை.

நமக்குத் தெரிந்த வித்தையே

இத்தனை சொன்னதால் ஃபுகோகாவின் வழி இந்த மண்ணுக்கு முற்றிலும் அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாட்களுக்கு முன்னால், நெல் நிற்கும்போதே உளுந்தையும் பச்சைப்பயறையும் வயலில் தூவிவிடுவது நெடுநாள் வழக்கம். உழவு கிடையாது, உரம் கிடையாது. வயலில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே பயறு விளையும். இதற்கென்றே ஆடுதுறை 3 போன்ற உளுந்து இரகங்கள் உள்ளன. ஜப்பானியர் நெல்லுக்குள் குளோவர் தூவியதும் நம்மவர் நெல்லுக்குள் உளுந்து தூவியதும் ஒரே வித்தையின் இரு வடிவங்கள். நம்முடையதில் சாப்பிடப் பருப்பும் கிடைக்கிறது. அதுபோலவே கொழுஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பை ஆகிய தழையுரச் செடிகள் வெள்ளைக் குளோவரின் வேலையை இந்த வெயிலிலேயே செய்கின்றன.

ஃபுகோகாவின் எழுத்தால் ஊக்கம் பெற்றவர் நம்மாழ்வார். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அதை விட்டு வெளியேறியவர்; 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைப் பரப்பினார். அவர் வழியில் செல்பவர்கள் ஜப்பானிய முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லை. பலவகைத் தானியங்களையும் பயறுகளையும் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது அவர்களிடையே பெருவழக்கு. உழவே கூடாது என்ற முதல் விலக்கை அது மீறுகிறது! ஆயினும் மண்ணில் உயிர்ப்பொருளைச் சேர்ப்பது என்ற நோக்கத்தை அது காப்பாற்றுகிறது. ஒரு நூலை இப்படித்தான் படிக்க வேண்டும்.

பட்டுப்போன தோட்டம்

இந்நூலில் பலர் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. என் கருத்தில் நூலின் மிகச் சிறந்த பகுதி அதுதான். வேலையை விட்டு ஊருக்கு வந்த இளைஞர் ஃபுகோகா, தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தில் கிளை கழிப்பதை நிறுத்தி, மரங்களை இயற்கையிடம் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி தாக்கியது, மரங்கள் பட்டுப்போயின. ஆண்டாண்டாகக் கத்தரித்து வளர்த்த மரத்தைத் திடீரென்று விட்டுவிடுவது இயற்கை வேளாண்மை ஆகாது, கைவிடுதலே ஆகும் என்று அவரே உணர்ந்து எழுதுகிறார். அதன்பின் அவர் மீண்டும் வேலைக்குச் சென்று, உலகப் போர் முடியும்வரை எட்டாண்டுக் காலம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் வாங்கினார். போருக்குப் பின்னரே மறுபடி நிலத்துக்கு வந்தார். நாம் வியக்கும் விளைச்சல், அதற்குப்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பொறுமையின் பலன்.

தனி மனிதர் செய்த அந்தத் தவற்றை ஒரு நாடே செய்த கதையும் உண்டு. 2021-ல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தது. மாற்று எருவோ, மண்ணைப் பக்குவப்படுத்தக் கால அவகாசமோ உழவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. அதற்குள் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்து, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. குறிக்கோள் நல்லதாக இருந்தாலும் மண் தன் வேகத்திலேயே மாறும்.

இங்கே நூலாசிரியரிடம் எனக்குள்ள பெரிய குறையைக் கூறிவிடுகிறேன். விஞ்ஞானம் பயனற்றது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் அவர் செய்தது என்ன? ஒன்றை மாற்றிப் பார்த்தார்; விளைவைக் கவனித்தார்; தோற்றதை விட்டார்; வென்றதை வைத்துக்கொண்டார். தாவர நோய் ஆராய்ச்சியில் பழகிய கண் அவருக்கு உதவியது. தாம் ஏறிவந்த ஏணியை வாசகருக்குக் காட்டாமல் மறைத்துவிட்டதால், ‘ஒன்றும் செய்யாமலிருந்தாலே போதும்’ என்ற மயக்கம் பிறக்கிறது. 1988-ல் மகசேசே விருது பெற்ற, 2008-ல் தம் 95-ஆம் வயதில் மறைந்த அந்தப் பெரியவரின் உண்மையான சாதனைக்கு இந்த மயக்கம் நியாயம் செய்யவில்லை.

யாருடைய நிலம், யாருடைய கை?

அவருக்கு நிலம் தந்தையிடமிருந்து வந்தது. மலைச்சரிவில் அவர் தோட்டத்திலிருந்த மண் குடிசைகளில் இளைஞர் பலர் தங்கி, உணவுச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு உழைத்தனர். நிலத்தின் விலையும் ஆள் கூலியும் இல்லாத கணக்கு அது. வங்கிக் கடனில் நிலம் வாங்கும் உங்கள் கணக்கில் இவ்விரண்டும் முதல் வரியிலேயே நிற்கும்.

ஊருக்குக் குடிபெயர்ந்து வந்து வென்றவர்களைக் காண நீங்கள் ஜப்பானுக்குச் செல்ல வேண்டியதில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில் வானூர்ப் பக்கம் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில் இருக்கிறது. அன்று அது மழைநீர் அரித்துப் பள்ளமும் ஓடையுமாகக் கிடந்த செம்மண் மேடு. வந்தவர்கள் முதலில் வரப்பு கட்டினார்கள், நீரைத் தேக்கினார்கள், மரம் நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பல நாடுகளிலிருந்து நன்கொடை வந்தது. சுற்றுக் கிராமத்தாரின் உழைப்பும் அதில் கலந்தது. நிலத்தின் விளைச்சலை மட்டுமே நம்பி வாழ்ந்த குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

பிரம்மதேசம் என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். பிராமணர்களுக்கு மன்னர் தானமாக வழங்கிய ஊர் பிரம்மதேயம். அதிலிருந்து வந்த பெயர் இது. இம்மாவட்டத்தில் இப்பெயருடைய இன்னோர் ஊர் எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் உள்ளது. அந்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரி நடந்ததையும், அதற்கு நிலம் ஒதுக்கப்பட்டதையும் கல்வெட்டு கூறுகிறது. நிலத்தின் பலனை உண்டவர் வேறு, அதில் இறங்கி உழுதவர் வேறு. நல்வாழ்வு தேடி வெளியிலிருந்து ஊருக்கு வருவது ஆயிரம் ஆண்டுப் பழைய கதை. உழுகிறவன் யார் என்ற கேள்வியும் அவ்வளவே பழையது.

இன்று அந்தக் கேள்வி உங்களிடம் வருகிறது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள திண்டிவனம் வட்டாரத்தில், நகரத்துப் பணம் நிலத்தின் விலையை ஏற்றும்போது, குத்தகைக்கு உழுதவரால் அந்நிலத்தை வாங்க இயலாது. நீங்கள் போடும் முள்வேலி, அறுவடைக்குப்பின் தாளில் மேய்ந்த ஆடுமாடுகளை நிறுத்துகிறது. கிடை போட இடமில்லாமல் செய்கிறது. நீங்கள் வயலிலேயே பரப்பும் வைக்கோல், களையெடுக்க வந்த அம்மாளின் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வைக்கோல். களையெடுப்பே வேண்டாம் என்றால் அவருடைய கூலியும் போகிறது. இயற்கைக்கு இணக்கமான வாழ்வு, அண்டை வீட்டாரின் அடுப்போடும் இணங்க வேண்டும் அல்லவா?

எனவே வாசகர்களே, இந்நூலைப் படியுங்கள். மண்ணை மூடி வை, எடுத்ததைத் திருப்பிக் கொடு, தேவையற்ற வேலையைக் குறை என்ற மூன்று பாடங்களும் திண்டிவனத்துக்கும் பொருந்தும். ஆனால் அதைச் சமையற் குறிப்பாகக் கொள்ளாமல், ஒருவருடைய நீண்ட சோதனையின் அறிக்கையாகக் கொள்ளுங்கள். வேலையை விடுமுன் விடுமுறையில் ஒரு போகம் ஊரில் இருந்து பாருங்கள். திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் நீரையும் சோதியுங்கள். டி.எம்.வி. என்ற பெயரில் மணிலா, எள் இரகங்களை உலகுக்குத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் அவ்வூரில்தான் உள்ளது.

மாணவர்கள் இப்போதே தொடங்கலாம். பத்து சென்ட் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வைக்கோல் பரப்புங்கள். ஒன்றில் தொழு எரு இடுங்கள். ஒன்றைச் சும்மா விடுங்கள். மூன்றிலும் உளுந்து விதையுங்கள். வாரம் ஒருமுறை விரல் ஆழத்து மண்ணைக் கைப்பிடி எடுத்து நிறுத்து, காயவைத்து மறுபடி நிறுத்தால், எந்தப் பாத்தி எவ்வளவு ஈரத்தைக் காத்தது என்பது தெரிந்துவிடும். பயிரின் நிறம், களையின் அளவு, விளைந்த உளுந்தின் எடை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வைக்கோல் எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டு மாடு அதற்குப் பதில் எதைத் தின்றது என்பதற்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.